முந்திரி மாதத்தில் மத்தியானப் பள்ளிக்கூடம்

1

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது என்றால் எனக்கு இன்னும் முதுகு தானாகக் குனிகிறது. டென்மார்க்குக்கு வந்து இந்த மாதத்தோடு எட்டு வருடம். பனியில் விழாமல் நடக்கப் பழகிவிட்டேன், கறுப்பு ரொட்டியை முகம் சுளிக்காமல் விழுங்கப் பழகிவிட்டேன், இந்தக் குனிவு மட்டும் போகவில்லை. போன மாதம், நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கே போன் போட்டு, என் மகனின் வகுப்பு டீச்சர் பிர்கிட், "செலியைப் பற்றிப் பேச வேண்டும், வியாழக்கிழமை வர முடியுமா?" என்றாள். செலி என்பது செழியன். வயது பத்து. இந்த நாட்டில் ழகரம் கிடைப்பதில்லை, அதனால் இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறார்கள்.

டீச்சரை 'என்றாள்' என்று எழுதுவதற்கு ஊரில் உள்ளவர்கள் கோபிக்க வேண்டாம். இங்கே பிள்ளைகளே டீச்சரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகின்றன. அவளும் "என்ன?" என்று திரும்பிப் பார்க்கிறாள். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் பதறிப்போய் என் பிள்ளையின் தொடையைக் கிள்ளினேன், பிர்கிட் எனக்குத்தான் புத்தி சொன்னாள்.

வியாழக்கிழமை வருவதற்குள் என்னென்னவோ நினைத்தேன். ஜன்னலை உடைத்துவிட்டானா, எவன் மண்டையையாவது உடைத்துவிட்டானா? நம்மூரில் பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அதற்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றுதான்: "கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்." இதை டேனிஷ் மொழியில் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். சொன்னால் போலீஸ் வரும் என்று பாதி வழியில் ஞாபகம் வந்தது.

பிர்கிட் காபி ஊற்றிவைத்து, பட்டப்பகலில் ஒரு மெழுகுவத்தியும் ஏற்றிவைத்திருந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உட்காரச் சொன்னாள். ரொம்ப நேரம் காபியைக் கலக்கிவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"செலி எதிர்த்துப் பேசுவதே இல்லை."

நான் நன்றி சொன்னேன்.

"இல்லை, இது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. எல்லோரும் கை தூக்கினால் அவனும் தூக்குகிறான். போன வாரம் வேண்டும் என்றவர்களோடும் தூக்கினான், வேண்டாம் என்றவர்களோடும் தூக்கினான். உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறான், நான் என்ன பதிலை விரும்புகிறேன் என்று தேடுகிறான்."

இதைக் குறை என்று ஒரு டீச்சர் சொல்லி என் வாழ்நாளில் கேட்டதில்லை. எங்கள் ஹெட்மாஸ்டராக இருந்தால் இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆண்டு விழாவில் டிபன் பாக்ஸ் கொடுத்திருப்பார். நான் வாயைத் திறப்பதற்குள் பிர்கிட்டே சிரித்தாள். "ஆனால் ஒரே ஒரு தடவை வகுப்பில் நீளமாகப் பேசினான். உன் கையைப் பற்றி. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூடத்து நேரத்தையே மாற்றினாயாமே? பிள்ளைகளுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம். அடுத்த வகுப்புக் கூட்டத்துக்கு நீயும் உன் கணவரும் வர வேண்டும்."

2

வகுப்புக் கூட்டம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் இங்கே பாடம் கிடையாது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் வகுப்பை எப்படி நடத்துவது என்று பேசுகிறார்கள். யார் பக்கத்தில் யார், எது பிடிக்கவில்லை, எதை மாற்றுவது என்று கைதூக்கி முடிவெடுக்கிறார்கள். டீச்சர் ஓரமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறாள். பத்து வயதுப் பிள்ளைகள் கூடி முடிவெடுத்தால் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மூடவில்லை. கணக்குப் பாடத்தைக் காலையில் முதலாவதாக வைக்கச் சொல்லி அவர்களே கேட்டிருக்கிறார்கள், தூக்கம் வருவதற்குள் முடித்துவிடலாமாம்.

இந்த நாட்டுக்கு நாங்கள் வந்தது சிமெண்டால். அரியலூர்ப் பக்கத்து ஆலையில் இவர் ஃபிட்டர். ஆலைக்கு இயந்திரம் விற்ற கம்பெனி பழக்குவதற்காக இங்கே அழைத்தது. ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு வந்தவர், இரண்டு வயதுப் பிள்ளையோடு என்னையும் வரவழைத்துக்கொண்டார். வெளிநாட்டவர் ஆபீசில் குடும்பப் பெயர் கேட்டார்கள். இவர் தன் அப்பா பெயரைச் சொன்னார், நான் என் அப்பா பெயரைச் சொன்னேன், பிள்ளைக்கு இவர் பெயரைச் சொன்னோம். ஒரே கதவில் மூன்று பெயர். எங்கள் தபால்காரர் இந்த வீட்டில் மூன்று குடும்பம் இருப்பதாக நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். மொழி அதைவிட மோசம். பல் பிடுங்கிய டாக்டரிடம் "சாப்பாட்டுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

அதெல்லாம் சிரித்துக் கடந்துவிட்டோம். பிள்ளை விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், "எப்ப கெளம்புவீங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறான். துரத்துவதற்காக இல்லை, அதற்குத் தகுந்தபடி விளையாடப் போக வேண்டுமாம். இட்டிலியைக் கத்தியால் அறுக்கிறான். ஒருநாள் அவன் அறைக் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது: ஒரு கை கதவைத் தட்டுகிறது. பத்து மாதம் சுமந்து பெற்ற நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டுமாம். அதை வாயால் சொல்லக்கூட இல்லை, வரைந்து ஒட்டிவிட்டான்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இவனைத் திருச்சியில் ஹாஸ்டலில் போட்டுவிடுவது என்று. திருச்சியில் என் அண்ணன் இருக்கிறான். இடத்துக்குச் சொல்லிவைத்துவிட்டதாக எழுதினான். விடியற்காலையில் மணி அடிப்பார்களாம், பிரம்பும் உண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் படிப்பு உண்டாம். அண்ணன் இதையெல்லாம் பெருமையாக எழுதியிருந்தான், நானும் பெருமையாகத்தான் படித்தேன். ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேர வேண்டும்.

செழியனிடம் சொன்னேன். "திருச்சியில போயிப் படிக்கப் போற. மாமா பாத்துப்பாரு."

"சரிம்மா" என்றான்.

இவரிடம் சொன்னேன். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவன் என்ன சொல்றான்?" என்றார்.

"சரின்னுட்டான்."

"அப்ப சரி" என்று மறுபடி பேப்பரைப் பிரித்தார்.

பிள்ளை நாட்டை விட்டுப் போவதைப் பதிய நகராட்சி ஆபீசுக்குப் போனால் அங்கே கவுண்டரில் இருந்த பெண்ணும் அதே கேள்விதான் கேட்டாள், "பையன் என்ன சொல்கிறான்?" பத்து வயதுப் பையன் என்ன சொல்வான் என்று நான் அவளைத் திருப்பிக் கேட்டேன். அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வெள்ளைக்காரர்கள் இப்படிப் பார்க்கும்போது நாம்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டது போல இருக்கும், அதைக் கண்டுகொள்ளக் கூடாது.

3

இனி என் கைக்கு வருகிறேன்.

ஆண்டிமடத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் செம்மண் காட்டில் எங்கள் ஊர். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் எட்டாவது படித்தேன். எங்கள் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க வேண்டும் என்றால் ஜெயங்கொண்டத்துக்கு பஸ்ஸில் போக வேண்டும். பையன்கள் போவார்கள். வயசுக்கு வந்த பெண்ணை பஸ்ஸில் அனுப்பிப் படிக்க வைக்கும் அளவுக்கு அப்போது எங்கள் ஊரில் யாருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. ஆக, எங்கள் பள்ளியிலேயே ஒன்பதாவது வந்தால் எனக்குப் படிப்பு, வராவிட்டால் கல்யாணம். அஞ்சலைக்கும் அப்படித்தான். அவளுக்குக் கல்யாணம்கூட அப்புறம்தான், முதலில் முழுநேரக் கூலி.

அஞ்சலை என் வகுப்பு. எங்கள் தோப்பில் முந்திரி பொறுக்குவது அவள் குடும்பம். அப்பா, அம்மா, தம்பி, இவள் எல்லோரும் விடியற்காலையில் இறங்கி விழுந்த பழத்தைப் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுப்பார்கள், பிறகு சட்டியில் சுட்டு உடைப்பார்கள். கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்து உரியும், விரல் கறுத்துப்போகும். சீசன் முடிந்து மழை வந்தால்தான் கை பழைய நிறத்துக்குத் திரும்பும். அவர்கள் உடைத்துத் தருவதால்தான் என் கை வெள்ளையாக இருந்தது. அதைப் பற்றி அந்த வயதில் நான் யோசித்ததே இல்லை, அவள்தான் ஒருநாள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங் கையி பொறந்த கொழந்த கையி மாரி இருக்குடி" என்று சிரித்தாள்.

மாசி பிறந்தால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். எல்லோரும் தோப்பில்தான். மதியத்துக்கு மேல் சும்மா இருப்பார்கள், ஆனால் அதற்குள் வருகைப் பதிவு முடிந்து வகுப்பும் பாதி முடிந்திருக்கும். அப்படி வந்தவன் முட்டி போட வேண்டும். முட்டி போடுவதற்கு எதற்கு வருவது என்று அவர்களும் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

அந்த வருடம் எட்டாவது முழுக்கச் சேர்ந்து ஹெட்மாஸ்டரிடம் போய் நின்றோம். முந்திரி மாதத்தில் மட்டும் பள்ளிக்கூடத்தை மத்தியானம் தொடங்கி இருட்டும்வரை நடத்தினால் எல்லோரும் வருவோம் என்று சொன்னோம். யோசனை அஞ்சலையுடையது, பேசியது பூசாரி மகன். அவனுக்குத்தான் குரல் நன்றாக இருக்கும்.

எங்கள் ஹெட்மாஸ்டருக்கு நாங்கள் வைத்த பெயர் வெள்ளையடி சார். அதிகாரி வருகிறார் என்றால் சுவர், தூண், வேப்பமரத்தின் அடிப்பாகம், கிணற்று மேடை என்று அசையாமல் இருக்கும் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிடுவார். அவர் நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பள்ளிக்கூடத்த எப்ப தொறக்கணும்னு நீங்க சொல்றதா? பள்ளிக்கூடம் ஒனக்காவ இல்லடா, ஒழுங்குக்காவ."

நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். பூசாரி மகனை மட்டும் நிறுத்திவைத்து இரண்டு அடி கொடுத்து அனுப்பினார், குரல் நன்றாக இருந்ததற்காக.

4

பங்குனியில் செய்தி வந்தது. ஒன்பதாவது தரலாமா என்று பார்க்கக் கல்வி அதிகாரி நேரில் வருகிறார், எட்டாவதில் எத்தனை தலை இருக்கிறது என்று எண்ணுவார். எட்டாவதில் கூட்டம் இருந்தால்தானே ஒன்பதாவதுக்கு ஆள். சரியாக முந்திரி உச்சத்தில் இருக்கும் மாதம். வெள்ளையடி சார் சுண்ணாம்புக்குச் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் அவர் மைத்துனர் வாத்தியார். அங்கிருந்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் இரவல் வாங்குவது என்று ஏற்பாடு. இது எங்கள் பக்கத்தில் புதிய விஷயம் இல்லை. அதற்கு முந்தின வருடம் எங்களைக்கூட ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கு இரவல் கொடுத்தார்கள், புளிச்சோறு போட்டார்கள், நன்றாக இருந்தது. அதனால் இரவல் வாங்குவதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. அதற்கு அடுத்ததாக அவர் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் காலையில் தோப்பு வழியாகச் சைக்கிளில் வந்து, பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, "நாளைக்கி நீங்க யாரும் வராதீங்க. கறுத்த கையோட வந்து நின்னு பேரக் கெடுக்காதீங்க. சுத்தமான புள்ளைங்க வருதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சைக்கிள் மறைகிறவரை அஞ்சலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த தூக்கோடு பக்கத்தில் நின்றேன்.

"எண்ணப் போறது நம்ம வகுப்ப. ஒக்காரப் போறது எவனோவா?" என்றாள். "நாம இல்லாமயே நம்மள எண்ணிட்டுப் போயிடுவாங்களா புள்ள?"

"அவரு வரக் கூடாதுன்னுட்டாரே."

"கறுத்த கையி இருக்கறவந்தான வரக் கூடாது. எல்லாங் கையும் கறுத்துப்போச்சுன்னா யாரத் தொரத்துவாரு?"

சாயங்காலத்துக்குள் எட்டாவது முழுவதும் எங்கள் தோப்புக் கொட்டகையில் கூடிவிட்டது. கடைக்காரர் மகள், கணக்குப்பிள்ளை மகன், பூசாரி மகன், நான் என்று கை வெளுத்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். கொட்டை உடைக்கிற எவரும் முதலில் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள், பால் ஒட்டாமல் இருக்க. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். எங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் பூசவில்லை. சாம்பல் பூசினால் கறுக்காதே! பச்சைக் கொட்டையை நசுக்கி அப்படியே உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டோம். அஞ்சலை "போதும், போதும்டி" என்று கத்தினாள். கேட்கிற நிலையில் யாரும் இல்லை, புரட்சி என்றால் நன்றாகத் தேய்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம்.

விடிவதற்குள் கை கறுத்ததோ இல்லையோ, பூரி மாதிரி உப்பிவிட்டது. கணக்குப்பிள்ளை மகன் ஊரே எழுந்திருக்கும்படி அழுதான். என் அம்மா என்னை அடிக்க எங்கே அடிப்பது என்று தெரியாமல் சுற்றிச்சுற்றி வந்தாள்.

5

அதிகாரி வந்தபோது பெஞ்சு நிறைய இரவல் பிள்ளைகள் எண்ணெய் தடவி வகிடெடுத்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பின்பக்கமாக வந்து வாசலில் வரிசையாக நின்றோம். வெள்ளையடி சாரின் முகம் அவருடைய சுவரைவிட வெளுத்தது. "இவங்க எல்லாம்... வேற வகுப்பு சார்" என்றார்.

"எட்டாவதுங்க சார்" என்றாள் அஞ்சலை.

அதிகாரி தொப்பை உள்ள, தூக்கக் கலக்கம் மாதிரி முகம் உள்ள மனிதர். எங்கள் கையைப் பார்த்தார். முதல் பெஞ்சில் இருந்த ஒரு பையனின் கையையும் பார்த்தார். "தம்பி, ஒங்க வூட்டுத் தோப்பு எங்க இருக்கு?" என்று அவனைக் கேட்டார்.

"எங்களுக்கு நெல்லுதாங்க சார்" என்றான் அவன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. யாரும் அவனுக்கு இந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு என் முன்னால் வந்து நின்றார். "ஒனக்கு ஏம்மா கையெல்லாம் வெந்துருக்கு?" என்றார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அஞ்சலைதான் சொன்னாள். பொறுக்குவது, உடைப்பது, முட்டி போடுவது, மத்தியானப் பள்ளிக்கூடம் கேட்டது, வரக் கூடாது என்றது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

அவர் கேட்டார்: "மத்தியானம் எத்தன மணிக்கு வச்சா வருவீங்க? எவ்வளவு நேரம் ஒக்கார முடியும் ஒங்களால? காலையில வேல செஞ்சிட்டுத் தூங்கிட மாட்டீங்களா?"

பள்ளிக்கூடத்தில் எட்டு வருடமாக எங்களிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். கேட்டவருக்கு எல்லாவற்றுக்கும் விடை முன்கூட்டியே தெரியும், நமக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்காகக் கேட்பார்கள். விடை தெரியாமல், தெரிந்துகொள்வதற்காக ஒரு பெரிய மனிதர் எங்களைக் கேட்டது அன்றைக்குத்தான். வலியை மறந்து நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம். கணக்கு முதலில் வேண்டும், வெயில் தாழ்ந்ததும் மரத்தடியில் தமிழ் வைக்கலாம், தூங்குகிறவனை நாங்களே எழுப்பிக்கொள்கிறோம் என்று ஆளுக்கொன்று சொன்னோம்.

போகும்போது, "இந்த நெல்லு ஊருப் புள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிடுங்க" என்று மட்டும் ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜூனில் ஒன்பதாவது வந்தது. எங்கள் கையால் வந்ததா, அந்த வருடம் ஓட்டுக் கேட்க வந்தவர்களின் தயவால் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த மாசியில் மத்தியானப் பள்ளிக்கூடமும் வந்தது. வெள்ளையடி சார் அதைத் தன் திட்டம் என்று ஆண்டு விழாவில் பேசினார், நாங்களும் கை தட்டினோம். மேல்வகுப்புகளும் வருடத்துக்கு ஒன்றாக வந்தன. அஞ்சலை எஸ்.எஸ்.எல்.சி. முடித்து நர்ஸ் ஆகி ஆண்டிமடம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். என் உள்ளங்கையில் இரண்டு தழும்பு இருக்கிறது. செழியனுக்குச் சோறு ஊட்டும் காலத்திலிருந்து இந்தக் கதையைச் சொல்லித்தான் வாயைத் திறக்க வைத்தேன்.

6

வகுப்புக் கூட்டத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மேலே இவருடைய பழைய பனிக்கோட்டையும் போட்டுக்கொண்டு இவரோடு போனேன். பெற்றோர்களுக்குச் சின்ன நாற்காலி போட்டிருந்தார்கள், முழங்கால் முகவாயில் இடித்தது. கூட்டத் தலைவி மெட்டா என்ற பெண், முன்பல் ஒன்று விழுந்தவள், கையில் மரக்கரண்டி. அதை மேசையில் தட்டினால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

முதலில் என் கையைப் பார்த்தார்கள். வரிசையாக வந்து தழும்பைத் தொட்டுப் பார்த்தார்கள். "வலித்ததா?" என்று கேட்டார்கள். "ஹெட்மாஸ்டருக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள்?" என்று ஒருவன் கேட்டான். மாலை போட்டார்கள் என்றேன், அவனுக்குப் புரியவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெந்த கைக்கு இத்தனை வருடம் கழித்து, கடல் கடந்து மரியாதை கிடைக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு அடுத்த வருடம் வகுப்பில் எதையெல்லாம் மாற்றுவது என்று பேச்சு வந்தது. மழையில் வெளியே போயே ஆக வேண்டுமா? நீச்சல் எந்தக் கிழமை? ஒவ்வொன்றுக்கும் கை எழுந்தது, இறங்கியது. செழியன் எதற்கும் தூக்கவில்லை. இரண்டு பக்கமும் தூக்குகிற பிள்ளை ஒரு பக்கமும் தூக்கவில்லை. மெட்டா கரண்டியைத் தட்டினாள்.

"செலி, உனக்கு என்ன?"

"இது அடுத்த வருஷத்துக்குத்தானே?" என்றான். "அடுத்த வருஷம் நான் இங்கே இருக்க மாட்டேன். எனக்கு ஓட்டு இல்லை."

பிர்கிட்டின் பின்னல் ஊசி நின்றது. எங்கே போகிறாய் என்று மெட்டா கேட்டாள். இந்தியாவுக்கு, ஹாஸ்டலுக்கு என்றான். உனக்குப் போக ஆசையா என்று கேட்டாள்.

"யாரும் கேட்கவில்லை" என்றான். குறை சொல்கிற மாதிரிகூட இல்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னான்.

"அப்படியென்றால் இப்போது கேட்போம்" என்றாள் மெட்டா.

பிர்கிட் குறுக்கே வந்தாள். "மெட்டா, இது வகுப்பு முடிவு செய்கிற விஷயம் இல்லை."

"முடிவு செய்யவில்லை. கேட்கத்தான் போகிறோம்" என்றாள் அந்தக் குட்டி வக்கீல். "செலி இங்கேயே இருக்க வேண்டும் என்பவர்கள்?"

அத்தனை கையும் எழுந்தது. யார் வீட்டுப் பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்று பல் விழுந்த கூட்டம் ஒன்று கைதூக்கிச் சொல்கிறது! தாடி வைத்த ஒரு அப்பாவும் தூக்கினார். எனக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்தது. இவர் ஒரு கையில் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு எதிராக இந்த மனிதர் தூக்கிய முதல் கை அது. செழியன் மட்டும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தான்.

"வேண்டாம் என்பவர்கள்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தூக்கினேன். நன்றாக உயரத் தூக்கினேன். அந்த அறையில் அப்போது என் கை ஒன்றுதான் மேலே இருந்தது. இப்போதுதான் வரிசையில் நின்று அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து அதையே பார்த்தன.

செழியன் எழுந்து நின்றான். "அம்மா, கைய எறக்கு" என்றான், தமிழில்.

"நீ சரின்னுதானடா சொன்ன?" என்றேன்.

"நீ எங்கிட்ட கேக்கல. சொன்ன. அதான் சரின்னேன்." என் முகத்தில் பதிலைத் தேடவில்லை. நேராக என்னைப் பார்த்தான். "இப்ப கேளு."

கை மேலே இருந்தபடியே கேட்டேன். "திருச்சிக்குப் போறியாடா?"

"போவல."

எங்கள் ஊர்ப் பேச்சு. அச்சு அசல் ஆண்டிமடத்து 'போவல'. எங்கிருந்து கற்றான் என்று கேட்டால் என்னிடமிருந்துதான்.

அந்த ஒரு வார்த்தை அங்கே யாருக்கும் புரியவில்லை. அவன் என்ன சொன்னான் என்று மெட்டா கரண்டியைத் தட்டிக் கேட்டாள். செழியன் அழ ஆரம்பித்திருந்தான். இவர் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கையை இறக்கிவிட்டு, அவர்கள் மொழியில் நான்தான் சொன்னேன்.